டென்ட் கயிற்றுக்கு எந்த விளக்கு? குளோ ஸ்டிக்கும் எல்இடி குச்சிகளும்

பெங்களூரில் இருந்துகொண்டு பால்வீதியைப் பார்க்க ஆசைப்பட்டால் ஊரை விட்டு வெளியேறத்தான் வேண்டும். அல்சூர், ஜாலஹள்ளிப் பக்கத்துத் தமிழ் நண்பர்கள் சேர்ந்து அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைகளில் கோலார் பக்கமோ கனகபுரா பக்கமோ டெலஸ்கோப்போடு போவது எங்கள் வழக்கம். இருட்டில் டிரைபாட் காலிலோ டென்ட் கயிற்றிலோ யாரும் தடுக்கி விழக் கூடாது. அதற்கு ஒரு அடையாள வெளிச்சம் வேண்டும். படிக்கிற அளவு தேவையில்லை, இங்கே ஒரு கால் நிற்கிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் எல்லோரையும் போல கெமிக்கல் குளோ ஸ்டிக்தான். உள்ளே மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஹைட்ரஜன் பெராக்சைடு, வெளியே ஆக்சலேட் எஸ்டரும் சாயமும். வளைத்தால் கண்ணாடி உடைந்து இரண்டும் கலந்து ஒளிரும். முதல் ஒரு மணி நேரம் தேவைக்கு மேல் பளிச்சென்று இருக்கும், அப்புறம் மங்கிக்கொண்டே போகும். வேதிவினை என்பதால் குளிரில் மெதுவாகும். டிசம்பரில் ஜெமினிட் எரிகற்கள் பார்க்கப் போகும் இரவில், வெளிச்சம் மிகவும் தேவைப்படும் பின்னிரவில், சோர்ந்து கிடக்கும். அணைக்கவும் முடியாது. யாராவது போட்டோ எடுக்க ஆரம்பித்ததும், “அண்ணா, அந்தக் குச்சிய கொஞ்சம் மூடுங்க” என்று குரல் வரும். துண்டைப் போட்டு மூடுவோம்.

ஆனால் நான் அதை விட்டதற்குக் காரணம் குப்பை. ஒரு இரவுக்கு ஒரு குச்சி, மறுநாள் அது உடைந்த கண்ணாடியும் ரசாயனமும் அடைத்த பிளாஸ்டிக். மறுசுழற்சிக்கும் போகாது. மலையேறும் வழிகளில் செடிக்கடியில் அவை கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அந்த மண்ணில் ஆடு மாடு மேய்கிறது.

மாற்றாகப் பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோட்டில் முதலில் கிடைத்தது பட்டன் செல் போட்ட எல்இடி குச்சி. விலை குறைவு, எடையும் இல்லை. குழந்தைகள் வரும் குழுவில் இதை நான் இனி அனுமதிக்க மாட்டேன். செல் மூடி திருகு இல்லாமல் விரலாலேயே திறக்கிறது. லித்தியம் பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். திருகு போட்ட மூடி இல்லையென்றால் வாங்காதீர்கள்.

அடுத்தது யுஎஸ்பியில் சார்ஜ் ஏறும் வகை. ஆரம்பத்தில் மிகவும் பிடித்தது. ஆனால் மலிவான மாடல்கள் பலவற்றில் டைப்-சி துளை இருந்தாலும் இரு முனையும் டைப்-சியான கேபிளில் சார்ஜ் ஏறாது. உள்ளே இருக்க வேண்டிய சின்ன ரெசிஸ்டர்களைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். பழைய யுஎஸ்பி-ஏ முனை கொண்ட கேபிளைத் தேட வேண்டும். பேட்டரியையும் மாற்ற முடியாது. அது உப்பினாலோ தளர்ந்தாலோ முழுக் குச்சியும் மின்குப்பை. குளோ ஸ்டிக் குப்பைக்கு வருந்தி வாங்கியவனுக்கு இது நியாயமாகப் படவில்லை.

கடைசியில் நிலைத்தது இரண்டு ட்ரிபிள் ஏ செல் போடும் சிவப்புக் குச்சி, அதுவும் ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லோடு. நிறம் இங்கே முக்கியம். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் அதை நொடியில் கெடுத்துவிடும். மங்கலான சிவப்பு அவ்வளவு கெடுக்காது. இன்னொரு நன்மை பயன்படுத்தியபிறகுதான் புரிந்தது. ரீசார்ஜபிள் செல் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், இரண்டும் சேர்ந்தால் 2.4. சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும், அதனால் சுகமாக எரிகிறது. நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் அளவு வேண்டும். வோல்ட்டேஜைக் கூட்டும் சர்க்யூட் இல்லாத குச்சியில் அவை இதே செல்லில் மங்கிவிடும். ‘ரீசார்ஜபிள் செல் போட்டா சரியா எரியல’ என்று பலர் குறைப்படுவது இதனால்தான்.

வாங்கும்போது முழு நீளமும் ஒரே சீராக ஒளிர்கிறதா என்று பாருங்கள். ஒரு முனையில் மட்டும் எல்இடி வைத்தவை பக்கவாட்டிலிருந்து பார்த்தால் காணாமல் போகின்றன. எல்லாப் பக்கமும் தெரிவதில் கெமிக்கல் குச்சிதான் இன்னும் ஒரு படி மேல். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபிஎக்ஸ் குறியீட்டில் ஐபிஎக்ஸ்4 சாரலுக்கு மட்டும். புல் நனைந்து கிடக்கும் மழைக்காலத்துக்கு ஐபிஎக்ஸ்7 நல்லது. பைக்குள் அழுந்தித் தானே எரியும் பட்டன்தான் இவற்றின் பெரிய தொல்லை. நான் ஒரு செல்லைத் திருப்பிப் போட்டு எடுத்துச் செல்கிறேன். சாதா அல்கலைன் செல்லை உள்ளேயே விட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

அப்படியும் இரண்டு குளோ ஸ்டிக்கை உறை பிரிக்காமல் வைத்திருக்கிறேன். சமையல் கேஸ் கசிந்த வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது. பொறியோ சூடோ இல்லாத வெளிச்சம் அப்போது இதுதான். வீட்டில் நிழலான அலமாரியில் வையுங்கள், காருக்குள் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் உறைக்குள்ளேயே கெட்டுவிடும்.