மரவள்ளியா, உருளையா, சர்க்கரைவள்ளியா: மாவைச் சேர்த்து வைப்பதில் யார் எப்படி?

உருளைக்கிழங்கை வெட்டிப் புதைத்தால் முளைக்கும். சர்க்கரைவள்ளியை ஈரமணலில் போட்டு வைத்தால் துளிர்விடும். மரவள்ளிக்கிழங்கை மட்டும் எத்தனை நாள் புதைத்து வைத்தாலும் அழுகுமே தவிர முளைக்காது. சேலம், நாமக்கல் பக்கம் அடுத்த நடவுக்குச் செடியின் தண்டுக் குச்சியைத்தான் கரணை (நடவுத் துண்டு) போட்டு வைக்கிறார்கள். கிழங்கை யாரும் விதைக்கு எடுத்து வைப்பதில்லை. மூன்றும் மண்ணுக்கடியில் விளைபவைதான், மூன்றிலும் மாவுச்சத்துதான் சரக்கு. ஆனால் அந்த மாவு யாருக்காகச் சேர்கிறது என்று கேட்டால் மூன்றும் மூன்று திசையில் போய்விடும்.

உருளைச் செடி மூன்று நான்கு மாதத்தில் காய்ந்து சாகப்போகிற செடி. கிழங்குதான் அதன் வாரிசு. தாவரவியல் கணக்கில் அது வேரே அல்ல, பருத்த தண்டு. மேலே தெரிகிற ‘கண்’ ஒவ்வொன்றும் ஒரு மொட்டு. மரவள்ளி அப்படியில்லை. அது பல வருஷம் வாழக்கூடிய புதர். நாம்தான் 8, 10 மாதத்தில் பிடுங்கிவிடுகிறோம். அதன் கிழங்கு உண்மையான வேர், அதில் கண் கிடையாது. மழை பொய்த்தால் மரவள்ளி இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். மறுபடி மழை விழுந்ததும் வேரிலிருக்கும் மாவைச் சர்க்கரையாகக் கரைத்து மேலே இழுத்துப் புது இலை விடும். உருளைக்கிழங்கு விதைநெல் என்றால் மரவள்ளி வீட்டுக் குதிர்.

இந்த ஒரு விஷயம் சேலத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலை வாசலில் பணமாகவே தெரியும். அங்கே கிழங்குக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாவு எத்தனை ‘பாயிண்ட்’ என்றும் பார்க்கிறார்கள். மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தியானது. அதனால் கிழங்கை வெளியில் ஒரு தடவையும் தண்ணீருக்குள் ஒரு தடவையும் எடை போட்டாலே உள்ளே எவ்வளவு மாவு என்று மதிப்பிட்டுவிடலாம். நீண்ட வறட்சிக்குப் பிறகு, அறுவடை நேரத்தில் பலத்த மழை பெய்து செடி துளிர்த்துவிட்டால் பாயிண்ட் இறங்கிவிடும். கிழங்கு அதேதான், மாவு மட்டும் மேலே ஏறிப் போயிருக்கும். உருளை விவசாயிக்கு இந்தக் கவலை இல்லை. மேல்செடி காய்ந்த பிறகு கிழங்கிலிருந்து கடன் கேட்க அங்கே யாரும் இல்லை.

சரி, மாவு எப்படி வேருக்குள் வருகிறது? இலையில் உண்டான சர்க்கரை பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது. கரணையின் அடிவெட்டிலிருந்து நிறைய வேர்கள் கிளம்பும். ஆரம்பத்தில் எல்லாமே தண்ணீர் உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள்தான். அதில் 5 முதல் 10 வேர்கள்தான் பருக்கும். பட்டைக்கு அடியில் ஒரு வளர்படலம் உண்டு. மரங்களில் இந்தப் படலம் உள்பக்கமாக அடுக்குகிற செல்கள் இறுகிக் கட்டையாகிவிடும். மரவள்ளி வேரிலும் அதே படலம், அதே வேலை. ஆனால் அது அடுக்குகிற செல்களில் பெரும்பாலானவை இறுகுவதில்லை. சுவர் மெல்லியதாகவே இருந்து உள்ளே மாவை நிரப்பிக்கொள்கின்றன. கிழங்கு என்று நாம் சாப்பிடுவது, இருக்கிற இடத்தை வைத்துச் சொன்னால், கட்டையாக வேண்டிய பகுதி.

இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். மரவள்ளியின் குறுக்கே ஒரு துண்டு வெட்டி, தோலில் நெடுக ஒரு கீறல் போட்டுக் கத்தி நுனியால் நெம்புங்கள். பழுப்பு மேல்தோலும் அதன் கீழுள்ள தடித்த தோலும் சேர்ந்து, வழுவழுவென்று கழன்று வரும். கழன்று வருகிற அந்த வழுக்கல் பரப்புதான் வளர்படலம். அதற்கு வெளியே சர்க்கரை வருகிற பாதை, உள்ளே மாவுக் கிடங்கு. நட்டநடுவில் ஒரு நரம்பு ஓடுகிறதே, அது இந்த வேர் ஒல்லியாக இருந்த காலத்துத் தண்ணீர்க் குழாய். பட்டையிலிருந்து நடுவை நோக்கிச் சக்கரத்தின் ஆரம்போல ஓடுகிற செல் வரிசைகள் வழியாகத்தான் சர்க்கரை உள்ளே போகிறது. செல்லுக்குள் போனதும் அது உடைந்து, குளுக்கோஸ் அலகுகளாகி, நொதிகளால் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டு அமைலோஸ், அமைலோபெக்டின் என்ற இரண்டு வகை மாவாக மணிமணியாகத் திரள்கிறது. மரவள்ளி மணிகள் சிறியவை, பெரும்பாலும் 5 முதல் 35 மைக்ரோமீட்டர். உருளையின் பெரிய மணிகள் 100 மைக்ரோமீட்டரைத் தொடும்.

உருளை வேறு வழியில் போகிறது. அடித்தண்டிலிருந்து மண்ணுக்குள் பக்கவாட்டில் ஒரு கொடி நீளும். அதன் நுனி பருத்துக் கிழங்காகும். அதற்கும் இலையிலிருந்து உத்தரவு வரவேண்டும். இரவின் நீளத்தையும் குளிரையும் பார்த்து இலை ஒரு புரதத்தை உண்டாக்கிக் கீழே அனுப்புகிறது. இரவு வெப்பமாக இருந்தால் கிழங்கு பிடிப்பது குறைந்துவிடும். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் உருளை நன்றாக வருவதற்கு இதுவே காரணம்.

மரவள்ளி இப்படிக் குளிருக்காகக் காத்திருப்பதில்லை. நட்ட இரண்டாம் மாதத்திலேயே மேலே தழை, கீழே கிழங்கு என்று இரண்டு வேலையும் சேர்ந்து நடக்கும். அதில் ஒரு சிக்கலும் உண்டு: சர்க்கரைக்கு முதல் உரிமை தழைக்குத்தான், மிச்சம்தான் வேருக்கு. யூரியாவை அள்ளிப் போட்டால் வயல் பார்க்க அழகாக இருக்கும், பிடுங்கினால் கிழங்கு விரல் தடிமன்தான். சர்க்கரையைக் கீழே கடத்தச் சாம்பல் சத்துதான் (பொட்டாஷ்) கைகொடுக்கும்.

சர்க்கரைவள்ளியும் வேர்தான், ஆனால் அதற்குள் ஒரு படலத்தோடு நிற்காமல் தண்ணீர்க் குழாய்களைச் சுற்றிச் சின்னச் சின்னதாகப் பல படலங்கள் கிளம்பும். அதைவிடச் சுவாரசியம், மாவோடு கூடவே அந்த மாவை உடைக்கிற நொதியையும் அது நிறைய வைத்திருக்கிறது. மெதுவாகச் சூடேறும்போது மாவு இளகும், நொதி அதை மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக்கிவிடும். தணலில் சுட்டது அத்தனை இனிப்பாக இருப்பதும், அவசரமாகக் குக்கரில் வெந்தது சப்பென்று இருப்பதும் அதனால்தான். தின்பதற்கு இது வரம். மாவு எடுக்க நினைப்பவருக்கு அவ்வளவு வசதியில்லை. ஆனாலும் கொரியாவில் சர்க்கரைவள்ளி மாவில்தான் அந்தக் கண்ணாடி நூடுல்ஸைச் செய்கிறார்கள்.

எண்ணிக்கைக்கு வருவோம். பச்சைக் கிழங்கு 100 கிராமில் மரவள்ளியில் தண்ணீர் சுமார் 60 கிராம், உருளையில் 80-ஐ ஒட்டி, சர்க்கரைவள்ளி நடுவில். மாவு என்று பார்த்தால் மரவள்ளியில் 25 முதல் 30 கிராம், உருளையில் 15 முதல் 20. மரவள்ளிக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் உருளையும் சர்க்கரைவள்ளியும் நான்கு மாதத்துக்குள் நிலத்தைக் காலி செய்துவிடுகின்றன, மரவள்ளி வருஷத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. மாதக் கணக்கில் வகுத்தால் மரவள்ளியின் முன்னிலை நிறையவே சுருங்கும். தண்ணீரும் உரமும் குறைந்த மண்ணில்தான் அது மற்ற இரண்டையும் ஓரங்கட்டுகிறது.

இனி, வைத்திருக்கும் நாள். இதில் மரவள்ளி ஒரே சமயத்தில் கெட்டிக்காரனும் சோதாவும். செடியோடு மண்ணில் இருக்கும்வரை மாதக்கணக்கில் விட்டு வைக்கலாம், நாளானால் நார் பாய்வதுதான் குறை. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் பஞ்ச காலத்துக்கு இப்படித்தான் வயலிலேயே விட்டு வைக்கிறார்கள். பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாள்தான். வெட்டுப்பட்ட வேர் காயத்துக்குப் பதறி உண்டாக்குகிற ரசாயனங்கள் ஆக்சிஜன் பட்டுக் கருத்து, தண்ணீர்க் குழாய்களில் நீலக்கறுப்புக் கோடுகளாகத் தெரியும். கிருமி வருவதற்கு முன்பே இது நடந்துவிடும். உருளை, காயத்தின் மேல் தக்கைபோல் தோல் கட்டிக்கொண்டு தூங்கப்போய்விடும். குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் தாங்கும். அதிகக் குளிர் காட்டினால் அதன் மாவு சர்க்கரையாக மாறும், அதை வறுத்தால் சிப்ஸ் கருகும். சர்க்கரைவள்ளியை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது, குளிர் பட்டால் உள்ளே கெட்டியாகி வீணாகிவிடும்.

ஜவ்வரிசி ஆலைகள் வயலை ஒட்டியே இருக்க வேண்டிய காரணமும் இந்த இரண்டு மூன்று நாள்தான். இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியாவிலிருந்து வந்த சாகோ பனையின் ஜவ்வரிசி நின்றுபோனது. சேலத்தில் 1943 வாக்கில் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யத் தொடங்கினார்கள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரவள்ளியில் புரதம் சுமார் 1 சதவீதம்தான், கொழுப்பு இன்னும் குறைவு. ஆலைக்கு அதுதான் லாபம்: மாவு வெள்ளையாக, வாசனையில்லாமல், சுலபமாகப் பிரிந்துவிடும். தினமும் அதையே தின்கிறவருக்கு அதுவே நஷ்டம். சாப்பாட்டுக்கு ஒன்றுதான் என்றால் என் ஓட்டு உருளைக்கு. மாவுக்கு என்றால் யோசிக்காமல் மரவள்ளி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மரவள்ளி தன் குதிருக்குக் காவலும் போட்டிருக்கிறது: லினமாரின் என்ற பொருள். செல் உடைந்ததும் அது நொதியோடு கலந்து சயனைடை வெளிவிடும். கசப்பு ரகங்களில் இது மிக அதிகம். அமேசான் மக்கள் கிழங்கைத் துருவிப் பிழிந்து வறுத்துச் சாப்பிடுவது இதை விரட்டத்தான். நம் ஊர் உணவு ரகங்களிலும் தோலைத் தடிமனாக உரித்து, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது நல்லது. இலையை ஆடு மாடு நிறையத் தின்றால் ஆபத்து. உருளையிலும் வெயில் பட்டுப் பச்சையான இடத்தில் நஞ்சு சேரும், அதை வெட்டி எறிந்துவிடலாம்.

கடையில் மரவள்ளி வாங்கும்போது நுனியை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளையாக, சடக்கென்று ஒடிந்தால் எடுங்கள். கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள். அன்றைக்கே சமைக்க முடியாதென்றால் உரித்துத் துண்டாக்கி ஃப்ரீசரில் போட்டுவிடலாம்.