திருச்சிக்கு “5 மணி நேரம்” டிக்கெட்: சிங்கப்பூரில் நான் ஏமாந்த கதை

அம்மாவை ஊருக்கு அனுப்ப சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு டிக்கெட் கடைக்குப் போனேன். நேர் விமானத்தைவிட 80 வெள்ளி குறைவு என்று கோலாலம்பூர் வழியாக ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். நான் தயங்கியதும், “அண்ணே, கேஎல் போற வழியிலதான் இருக்கு. நேராப் போனா 4 மணி நேரம், இதுல 5. அவ்வளவுதான்” என்று ஒரு சீட்டில் ‘5 மணி’ என எழுதியும் கொடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், தூரத்தில் அவர் பொய் சொல்லவில்லை. சாங்கியிலிருந்து திருச்சி வான்வழியில் சுமார் 2,980 கிலோமீட்டர். சாங்கியிலிருந்து கோலாலம்பூர் சுமார் 300, அங்கிருந்து திருச்சி சுமார் 2,690. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அதேதான். டிக்கெட்டிலும் பிற்பகல் 3:00 புறப்பாடு, இரவு 8:15 வருகை. ஐந்தே கால் மணி நேரம்தானே, சரி என்று பணத்தைக் கட்டிவிட்டேன்.

அந்த 8:15 இந்திய நேரம். நம் கடிகாரத்தில் இரவு 10:45. ஆக, பயணம் ஏழே முக்கால் மணி நேரம்! தினமும் இரண்டரை மணி நேரத்தைக் கழித்துப் பார்த்து ஊருக்குப் போன் போடுகிற எனக்கு இது உறைக்கவில்லை. அவர் சொன்ன 5, விமானம் பறக்கும் நேரம் மட்டும். நடுவில் காத்திருக்கும் 2 மணி 50 நிமிடம் கணக்கிலேயே இல்லை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவை இரண்டு வேறு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 68 வயது அம்மா கோலாலம்பூரில் குடிநுழைவைத் தாண்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு, ரயிலில் இரண்டாம் முனையத்துக்குப் போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். மலேசியாவுக்குள் நுழைய மின்னிலக்க வருகை அட்டை வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பிள்ளைதான் தன் போனில் நிரப்பிக் கொடுத்ததாம். அது நல்லா இருக்கணும்.

முதல் விமானம் 45 நிமிடம் தாமதம். அம்மா கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 5:55. 6:50 விமானத்துக்கு 5:50-க்கே மூடிவிட்டார்கள். தனி டிக்கெட் என்பதால் இரண்டு நிறுவனங்களும் கையை விரித்தன. இரவு முழுக்க நாற்காலியில். மறுநாள் புது டிக்கெட் 310 வெள்ளி.

இப்படி யாராவது காட்டினால், இறங்கும் நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டிவிட்டுக் கணக்குப் போடுங்கள். பதிவு எண் ஒன்றா இரண்டா, பெட்டி திருச்சி வரை போகுமா என்றும் கேளுங்கள். (திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ். 4 மணி நேரப் பயணம் கடிகாரத்தில் ஆறரை போலத் தெரியும். அதைச் சொல்லி யாரும் விற்பதில்லை!)

கடைக்குப் போய்க் கேட்டேன். “தூரத்துல ஏதாச்சும் தப்பாச் சொன்னேனா, அண்ணே?” என்கிறார். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அந்த ‘5 மணி’ சீட்டையும் சேர்த்து.