தமிழில் பேசினார் என்று நம்பி 3,800 ரேண்ட் தொலைத்தேன்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பா விட்டுப்போன 1962 மோரிஸ் மைனர் கார், எஸ்யூ கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்). ஆறு மாதமாக ஐடிலிங் (கால் வைக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறும், இறங்கும், சிக்னலில் அணைந்துவிடும். காற்றைத் திறந்து மூடும் தகட்டைத் தாங்கும் கம்பியான திராட்டில் ஷாஃப்டின் முனைகளில் கார்ப் கிளீனரைப் பீய்ச்சினால் இன்ஜின் சத்தமே மாறியது. ஷாஃப்டும் அது சுழலும் ஓட்டையும் தேய்ந்து, அந்த இடுக்கில் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. ஓட்டையைப் பெரிதாக்கி, வெண்கல புஷ் (உள்வளையம்) இறக்கி, இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) விட்டுப் புது ஷாஃப்ட் போட வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே ஒரு சின்ன லேத் பட்டறை. நுழைந்ததுமே, "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்றார் பட்டறைக்காரர். இங்கே என் வயசுக்காரர்கள் தமிழ் பேசுவதே அபூர்வம். எண்ணெய்க் கையோடு ஒருவர் அப்படிக் கேட்டதும் உருகிவிட்டேன். ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார்த்து, "அப்பா வண்டியா? என் வண்டி மாதிரி பாத்துக்கறேன்" என்றார். 3,800 ரேண்ட், மொத்தமும் ரொக்கமாக முன்னாலேயே கொடுத்தேன். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டு ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது.

பத்து நாள் என்றது ஏழு வாரமானது. ரீமர் வரவில்லை, கரண்ட் இல்லை, மச்சான் வீட்டில் சாவு. தைப்பூசத்துக்கு அம்மாவைக் கோயிலுக்கு வாடகைக் காரில்தான் அழைத்துப்போனேன்.

ஒருவழியாக வாங்கிப் பொருத்தி என்2 நெடுஞ்சாலையில் ஏறினேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வேகம் குறையவில்லை! சாவியை அணைத்து ஓரம் கட்டினேன். கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் புஷ். மறுபக்கம் ஓட்டையைச் சுற்றிப் பஞ்ச் வைத்துத் தட்டி இறுக்கியிருக்கிறார். ஷாஃப்ட் பழையதுதான், பாலிஷ் போட்டது. இரண்டு ஓட்டையும் நேராக இல்லாததால் பாதியில் சிக்கிக்கொள்கிறது. இதைவிடக் கொடுமை, ஷாஃப்டில் இருக்கும் அந்தத் தகட்டின் (பட்டர்ஃபிளை) திருகாணிகள் கழலாதபடி அவற்றின் வாலை விரித்துவிடவே இல்லை. ஒன்று கழன்றால் நேராக இன்ஜினுக்குள்தான் போகும்.

போன் செய்தேன். "பெட்ரோல் சரியில்ல தம்பி." மறுநாள், "கேபிளைப் பாருங்க." நேரில் போனால் பையன், "அங்கிள் இல்லை" என்கிறான், உள்ளே அவர் இருமுவது கேட்கிறது. இப்போது வாட்ஸப்பில் இரண்டு நீல டிக் மட்டும்தான். 3,800 ரேண்ட்!

விவரமாக எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் புஷ், புது ஷாஃப்ட் என்று எழுதி வாங்குங்கள். பழைய ஷாஃப்டைக் கையில் தரச் சொல்லுங்கள். ஸ்பிரிங் மாட்டி, திராட்டிலைத் திறந்து விட்டால் டக்கென்று மூடுகிறதா என்று அங்கேயே பாருங்கள். அவ்வளவுதான்.

அம்மாவிடம் 800 என்றுதான் சொல்லியிருக்கிறேன்.