கல்லூரிக் குடிநீரில் ஈயம்: திறந்துவிடுவதா, ஃபில்டரா, குழாயையே மாற்றுவதா?

எங்கள் வளாகத்தின் தண்ணீர்ச் சோதனை முடிவு வந்த அன்று பராமரிப்புப் பிரிவில் நான் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளைகள் குடிக்கிற குழாய் மொத்தம் எத்தனை?" ஒருவருக்கும் தெரியவில்லை. கூலர் எத்தனை என்று சொன்னார்கள். ஆனால் பாட்டிலை எங்கெல்லாம் நீட்டுகிறார்கள் என்பது வேறு கணக்கு. ஆய்வுக்கூடத் தொட்டி, கழிப்பறை வாஷ்பேசின், விடுதியில் துணி துவைக்கும் இடம் என்று எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் பிடித்துக் குடிக்கிறார்கள்.

சில குழாய்களில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டியிருந்தது. (காரீயத்தைச் சொல்கிறேன். பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம் வேறு உலோகம்.) கொதிக்க வைத்தால் ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இது பலருக்கும் தெரிந்ததுதான் என்பதால் தாண்டிப் போகிறேன்.

தெரிந்துகொள்ள வேண்டியது, ஈயம் பெரும்பாலும் நீரேற்று நிலையத்திலிருந்து வருவதில்லை என்பது. தெருவிலிருந்து கட்டடத்துக்கு வரும் பழைய ஈயக் குழாய், செம்புக் குழாய்களை ஒட்டிய பற்றவைப்பு, பித்தளை வால்வு, குழாய்த் தலை ஆகியவற்றிலிருந்துதான் அது கரைந்து வருகிறது. தண்ணீர் அசையாமல் நிற்க நிற்க அதிகமாகக் கரையும். அமெரிக்காவில் பள்ளிகளுக்குச் சொல்லப்படும் சோதனை முறையும் இதை வைத்துத்தான்: 8 முதல் 18 மணி நேரம் நின்ற தண்ணீரில், குழாயைத் திறந்ததும் வருகிற முதல் 250 மில்லியைப் பிடிப்பார்கள். கல்லூரியோ வாரக்கணக்கில் விடுமுறை விடுகிற இடம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் மாடிகளும் உண்டு.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபில்டர், ஆனால் குறைந்த இடங்களில் மட்டும்.

முதல் வழி, காலையில் குழாய்களைத் திறந்து நின்ற தண்ணீரை வெளியேற்றுவது. எந்தப் பொருளும் வாங்க வேண்டாம் என்பதால் நிர்வாகத்துக்குப் பிடித்த வழி. ஒரு வாரம் செய்து பார்த்தோம். ஆள் விடுப்பில் போன நாளில் வேலை நடக்கவில்லை. அது கூடப் பரவாயில்லை. காலையில் திறந்துவிட்ட குழாயில் மதியத்துக்குள் தண்ணீர் மறுபடி நின்றுவிடுகிறது, ஈயமும் மறுபடி ஏறத் தொடங்குகிறது. இன்னொரு சிக்கல், கட்டடத்துக்கு வெளியே ஈயக் குழாய் இருந்தால் அரை நிமிடம் திறந்துவிடுவது அந்தக் குழாயில் நின்ற தண்ணீரைச் சரியாக உங்கள் டம்ளருக்குக் கொண்டுவந்து சேர்க்கலாம். விடுமுறை முடிந்த முதல் நாளுக்கு இது கட்டாயம் வேண்டும். தினசரித் தீர்வாக நம்ப முடியாது.

இரண்டாவது, ஈயம் உள்ள பாகங்களையே மாற்றுவது. கொள்கையளவில் இதுதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் இதில் என் அனுபவம் ஒரே ஒரு கட்டடம்தான். சுவரை உடைத்த பிறகுதான் உள்ளே யார் யார் எந்தக் காலத்தில் எதை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. வரைபடத்தில் ஒன்று, சுவருக்குள் வேறொன்று. தெருக் குழாயில் பாதியை மட்டும் மாற்றினால், வெட்டிய இடம் அசைந்து சில காலம் ஈயம் கூடவும் செய்யலாம். புதிய பித்தளையை வாங்கும்போதும் கண் வேண்டும். அமெரிக்காவில் 2014க்கு முன்பு 8 சதவீதம் வரை ஈயம் கலந்த பித்தளையையும் 'ஈயமற்றது' என்று விற்கலாம். அதன் பிறகுதான் வரம்பு 0.25 சதவீதம் ஆனது. கிடங்கில் கிடந்த பழைய வால்வை எடுத்து மாட்டினால் செய்த வேலை வீண்.

ஆக, ஃபில்டர். எதை வாங்குவது என்பது அவ்வளவு கடினமில்லை. என்எஸ்எஃப்/ஆன்சி 53 என்ற அமெரிக்கத் தரச்சான்று பார்த்து, அதில் ஈயம் என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 42 என்ற எண் மட்டும் இருந்தால் அது குளோரின் வாடைக்கும் சுவைக்கும்தான். ஆர்.ஓ. கூட ஈயத்தை எடுக்கும். ஆனால் தாது குறைந்த அந்தத் தண்ணீர் அதற்குப் பிறகு வருகிற பித்தளைக் குழாயை இன்னும் நன்றாகவே அரிக்கும். எந்த ஃபில்டரானாலும் அதற்கும் வாய்க்கும் நடுவே பித்தளை இருக்கக் கூடாது.

கடினம் இருப்பது பராமரிப்பில். எங்கள் பிளம்பர் முதல் கூட்டத்திலேயே சொன்னார்: "சார், மாட்டுறது ஒரு நாள் வேலை. மாத்துறது ஆயுசு வேலை." அப்போது நாங்கள் நாற்பது இடங்களில் மாட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஃபில்டருக்குள் இருக்கும், மாற்றக்கூடிய வடிகட்டிப் பகுதியான கார்ட்ரிட்ஜுக்கு இத்தனை லிட்டர் என்று ஆயுள் உண்டு. நூலக வாசலில் இருப்பது சீக்கிரமே தீர்ந்துவிடும். அடித்தள ஆய்வுக்கூடத்தில் இருப்பது வருடம் போனாலும் பாதி கூட ஓடியிருக்காது, ஆனால் குளோரினை எடுத்துவிட்ட தண்ணீர் உள்ளேயே கிடந்து கிருமி வளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுவோம் என்ற அட்டவணை இரண்டுக்குமே பொருந்தாது. மாற்ற வேண்டிய நேரத்தைக் காட்ட ஃபில்டரில் விளக்கு இருக்கிறதே என்பார்கள். அந்த விளக்கு தண்ணீரைச் சோதிப்பதில்லை, ஓடிய அளவை எண்ணுகிறது, அவ்வளவுதான். ரீசெட் பொத்தானை அழுத்தினால் பச்சையாகிவிடும். ஒரு மாடியில் விளக்கு பளிச்சென்று பச்சை, திறந்து பார்த்தால் உள்ளே முதன்முதலில் மாட்டிய அதே கார்ட்ரிட்ஜ். சிவப்பு எரிகிறதே என்று யாரோ அழுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

இதைவிட மோசமானது அடைப்பு. தண்ணீர் நூலாக வந்தால் யாரும் புகார் எழுதுவதில்லை. பக்கத்து வாஷ்பேசினில் பிடித்துக்கொள்கிறார்கள். அதாவது எந்தக் குழாயிலிருந்து அவர்களை விலக்கினோமோ, அடைத்த ஃபில்டரே அவர்களை அங்கே திருப்பி அனுப்புகிறது.

இதெல்லாம் பார்த்த பிறகு நாற்பதைப் பன்னிரண்டாக்கினோம். கூட்டம் நடமாடும் இடங்களில் மட்டும் ஃபில்டர். ஒவ்வொன்றும் வேகமாகத் தீரும், அதனால் கவனத்திலும் இருக்கும். கிடங்கில் ஒரு விதி வைத்தோம்: பழைய கார்ட்ரிட்ஜைக் கையில் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். பொத்தான் அழுத்தும் வித்தை அத்தோடு நின்றது. மற்றக் குழாய்களில் 'கை கழுவ மட்டும்' என்று பலகை. தோல் வழியாக ஈயம் சொல்லும்படி உடம்புக்குள் போகாது என்பதால் கழுவுவதற்குத் தடையில்லை. விடுதிச் சமையலறைக்கும் பணியாளர் பிள்ளைகளின் காப்பகத்துக்கும் முதலில் மாட்டினோம், ஏனென்றால் சிறு குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும்தான் ஈயம் அதிகக் கேடு. சுடுதண்ணீரில் ஈயம் வேகமாகக் கரையும். தேநீருக்குச் சுடுநீர்க் குழாயைத் திறக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். எவ்வளவு பேர் கேட்கிறார்கள் என்பதற்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை.

ஈயம் சில சமயம் கரையாமல் துகளாகவும் உதிரும். இன்று சுத்தமாக வந்த குழாயில் நாளை திடீரென்று ஏறும். குழாய் நுனிச் சல்லடையில் இந்தத் துகள்கள் தங்கும், கழற்றிக் கழுவ வேண்டும். ஐந்து நிமிட வேலை, ஆனாலும் எங்கள் பட்டியலில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான்.

குழாய் மாற்றிய அந்த ஒரு கட்டடத்துக்கு முதல் சோதனை நன்றாக வந்தது. புதுப் பாகங்கள் தொடக்கத்தில் கொஞ்சம் ஈயம் விடும் என்பதால் அடுத்த நீண்ட விடுமுறை முடிந்து முதல் நாள் காலை, யாரும் குழாயைத் தொடும் முன் இன்னொரு மாதிரி எடுக்கிறோம். அதுவரை அங்கே இருக்கும் ஃபில்டரைக் கழற்ற வேண்டாம் என்று பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன்.