65,000 ரூபாய்க்கு ஒரு டிக்

அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு சாமான் கடைகிற பட்டறை எங்களுடையது. அம்மி, ஆட்டுக்கல், திருகை, உலக்கை, குடம் என்று ஒரு முழுச் சமையல்கட்டே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அப்பா காலத்தில் திருவிழாக் கடைக்காரர்கள் சாக்கு சாக்காக எடுத்துப் போவார்கள். இப்போது பாதிக்குப் பாதி வாட்ஸ்அப்பில் கேட்டு கூரியரில் போகிறது. நமக்கென்று ஒரு வெப்சைட் இருந்தால் கொலு சமயத்தில் வெளியூர்க்காரர்கள் கூகுளில் தேடிக்கொண்டு வருவார்களே என்று ஒரு ஆசை. அதில் ஆரம்பித்தது எல்லாம்.

அல்வா ஊர்க்காரனுக்கே அல்வாவா என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஆமாம். தளம் செய்து தந்த கம்பெனிப் பெயரையும் ஆள் பெயரையும் எழுதப் போவதில்லை. நடந்த விதத்தை மட்டும் சொல்கிறேன். இதே விதத்தில்தான் உங்களிடமும் வருவார்கள்.

போன சித்திரையில் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தான். நல்ல பேச்சு. லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, கோடிங் கீடிங் ஒண்ணும் கெடையாது, இங்க பாருங்க" என்று இடது பக்கத்திலிருந்து ஒரு கட்டத்தை இழுத்து வலது பக்கத்தில் போட்டான். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ஆட்டுக்கல் படம் மெதுவாக மேலெழும்பி வந்து நின்றது. எழுத்து பெரிதாகியது, சிறிதாகியது, நிறம் மாறியது. உளியை வைத்த இடத்தில் மரம் வளைந்து வருகிற மாதிரி இருந்தது எனக்கு. அந்த நிமிஷமே மனசு விழுந்துவிட்டது. தளம் நடத்துகிற மென்பொருள் வேர்டுபிரஸ், அதன் மேல் இப்படி இழுத்துப் போட்டுப் பக்கம் செய்கிற கருவி எலிமென்டர் என்று சொன்னான். "முப்பதே நாளு அண்ணாச்சி, கூகுள்ல மொதப் பக்கத்துல நிக்கும். வேணும்னா எழுதித் தாரேன்" என்றான். எழுதியும் தந்தான். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

தளம் செய்ய 35,000. அதற்கப்புறம் எஸ்இஓ வேலைக்கு, அதாவது தேடலில் தளத்தை மேலே வர வைக்கிற வேலைக்கு, மாதம் 6,000. ஆனியில் தளம் தயார், ஆனியிலிருந்து ஐப்பசி வரை ஐந்து மாதம் பணம் கட்டினேன். கூட்டிப் பார்த்தால் 65,000.

மாதாமாதம் ஒரு ரிப்போர்ட் வரும். எக்செல் தாள், பச்சை நிறம் நிறைய. ஒரு மாதம் "மெட்டா கீவேர்டு ஐம்பது சேர்த்தோம்". மறு மாதம் "பேக்லிங்க் இருநூறு போட்டோம்". எனக்கு இரண்டும் புரியவில்லை, ஆனாலும் ஐம்பது, இருநூறு என்று எண்ணிக்கை இருந்ததால் வேலை நடக்கிறது என்று நம்பினேன். கடைசல்காரன் புத்தி அது, எண்ணிக்கை இருந்தால் திருப்தியாகிவிடும். தேடலில் எப்படி இருக்கிறோம் என்று கேட்டால் அவன் போனிலேயே எங்கள் பட்டறைப் பெயரை முழுசாக அடித்துக் காட்டுவான். மேலேயே எங்கள் கடைப் படம், வழி காட்டும் மேப், போன் நம்பர், எல்லாம் வந்து நிற்கும். "பாத்தீங்களா, நம்பர் ஒன்னு!"

அந்தப் படம் மூன்று வருஷத்துக்கு முன்னால் நானே கூகுள் மேப்பில் இலவசமாகப் போட்டது. அதற்கும் இவன் செய்த தளத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நம் கடைப் பெயரையே முழுசாக அடித்தால் நம் கடை வராமல் வேறு என்ன வரும்? பெயர் தெரிந்தவனுக்குத் தேடல் எதற்கு? இதெல்லாம் இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

நவராத்திரி வந்தது, போனது. தளத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு அழைப்புகூட வரவில்லை. கேட்டேன். "கூகுளுக்கு டைம் எடுக்கும் அண்ணாச்சி, ஆறு மாசம், ஒரு வருஷம்கூட ஆகும்" என்றான். இதில் வேடிக்கை என்னவென்றால் அவன் சொன்னது பொய்யில்லை. இந்த மாதிரி வேலை பலன் தர நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. முதலிடம் தருகிறேன் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்பதையும் அதே கூகுள்தான் எழுதி வைத்திருக்கிறது. விற்கும்போது முப்பது நாள், கேட்கும்போது ஒரு வருஷம். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

தீபாவளி லீவுக்குத் தங்கச்சி மகள் வந்திருந்தாள். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தவள், மரச் சீவல் குவியலைக் காலால் ஒதுக்கிவிட்டு மணையில் உட்கார்ந்து, "மாமா, ஒங்க சைட்டு அட்ரஸ் சொல்லுங்க" என்றாள். கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் எங்கள் முகவரியைச் சேர்த்தாள். அப்படித் தேடினால் அந்தத் தளத்தில் கூகுளுக்குத் தெரிந்த பக்கங்கள் மட்டும் வருமாம். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பொருந்தும் பக்கம் எதுவும் இல்லை என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

"என்ன மாமா, சைட்டே இல்லங்கு?"

அப்புறம் பக்கத்தின் மூலக் குறியீட்டைத் திறந்து தேடினாள். மேலேயே இருந்தது 'நோஇண்டெக்ஸ்' என்ற சொல். இந்தப் பக்கத்தை உன் பட்டியலில் சேர்க்காதே என்று தேடுபொறிக்கு நாமே கொடுக்கிற உத்தரவு அது. நல்ல வேளையாக அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே வாங்கி நாள்காட்டிக்குப் பின்னால் எழுதி வைத்திருந்தேன். உள்ளே போய், வேர்டுபிரஸ் அமைப்புகளில் 'ரீடிங்' என்று ஒரு பக்கம் திறந்தாள். கடைசியில் ஒரு சின்னக் கட்டம். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அதில் டிக் போட்டிருந்தது.

தளம் பாதி வேலையில் இருக்கும்போது யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அந்த டிக்கைப் போடுவது வழக்கமாம். வேலை முடிந்ததும் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. ஐந்து மாதமாக வாசலில் "உள்ளே வராதே" என்று போர்டு மாட்டிவிட்டு, ஆளைக் கூட்டி வருகிறேன் என்று என்னிடம் மாதம் 6,000 வாங்கியிருக்கிறார்கள். மறதிதான் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தளம் கூகுளில் இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கவே இல்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்? அப்படியானால் அந்தப் பச்சைத் தாள்கள் எதைப் பற்றி?

பிள்ளை விடவில்லை, அதையும் குடைந்தாள். மெட்டா கீவேர்டு என்பது பக்கத்தின் குறியீட்டில் மறைவாக எழுதி வைக்கிற தேடல் சொற்கள். அதைத் தேடல் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் அறிவித்தது 2009-இல். பேக்லிங்க் என்பது வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வருகிற சுட்டி. அந்த இருநூறில் பத்தைத் திறந்து பார்த்தாள். சூதாட்டப் பக்கங்கள், புரியாத மொழியில் ஏதோ, பல பக்கங்கள் திறக்கவே இல்லை. இப்படிச் செயற்கையாகச் சுட்டி போட்டு ஏமாற்றுவதைப் பிடிக்க 2012-லேயே பென்குயின் என்ற பெயரில் கூகுள் ஏற்பாடு கொண்டுவந்துவிட்டது. அதாவது நான் காசு கொடுத்து வாங்கியது, நல்லது எதுவும் செய்யாத, கெட்டது செய்தாலும் செய்யக்கூடிய சரக்கு.

தளத்தின் உள்ளே இருந்தது இன்னொரு கூத்து. முகப்பில் பெரிய பேனர், அதில் அழகான எழுத்தில் எங்கள் கதை. அத்தனையும் ஒரே படம். எழுத்தே இல்லை. படத்துக்குள் எழுதாதே, எழுத்தை எழுத்தாகவே வை என்பது கூகுள் திரும்பத் திரும்பச் சொல்கிற பாடம். அந்தப் படம் ஒன்றே 5 எம்பி. கூகுளின் பேஜ்ஸ்பீடு சோதனையில் மொபைலுக்கு நூற்றுக்கு 19 மார்க் வந்தது. பக்கத்தின் முக்கியப் பகுதி கண்ணுக்குத் தெரிய 2.5 விநாடிக்கு மேல் ஆகக் கூடாதாம். எங்களுடையதற்கு 11 விநாடி. மேலே எழும்பி வருகிற, சுழன்று வருகிற அந்த வித்தைகளுக்கெல்லாம் சேர்த்துக் கொடுத்த விலை. முதல் நாள் என்னை விழ வைத்ததே அதுதான்.

பக்கத் தலைப்பு என்ன தெரியுமா? 'எலிமென்டர் #37'. புதுப் பக்கம் திறக்கும்போது அதுவாக வைத்துக்கொள்கிற தற்காலிகப் பெயர். மாற்றவே இல்லை. பொருள்களுக்கு 'ஹேண்ட்கிராஃப்டட் ஹெரிட்டேஜ் பிளேவேர்' என்று பெயர். மதுரையிலோ சென்னையிலோ இருக்கிற ஒரு அம்மா கொலுவுக்கு எதைத் தேடுவாள்? சொப்பு சாமான் என்றுதானே? அந்தச் சொல் தளத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. ஆனால் கீழே யாரோ ஒரு வெள்ளைக்கார அம்மா சிரித்துக்கொண்டு எங்கள் சேவையைப் பாராட்டியிருந்தார். ரெடிமேட் டெம்ப்ளேட்டோடு வந்தவர். அவருக்கு நாங்கள் இதுவரை ஒரு உலக்கைகூட அனுப்பியதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இதில் எலிமென்டர் மேல் குற்றம் இல்லை. எந்தக் கருவியில் பக்கம் செய்தாலும் கூகுள் பார்ப்பது வந்து விழுகிற பக்கத்தைத்தான். அதே எலிமென்டரில்தான் தங்கச்சி மகள் நாலு நாள் உட்கார்ந்து சரிசெய்தாள். டிக்கை எடுத்தாள். சர்ச் கன்சோல் என்று கூகுளே இலவசமாகத் தருகிற ஒன்றில் என் ஜிமெயிலில் தளத்தைச் சேர்த்து, பக்கங்களின் வரைபடத்தையும் கொடுத்தாள். கம்பெனி அதைத் திறந்ததே இல்லை. எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் கண்ணில் பட்டோம், எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதிலேயே தெரிகிறது. பச்சைத் தாள் தேவையே இல்லை. பேனரை எடுத்துவிட்டு நான் சொல்லச் சொல்ல எழுத்தாகவே அடித்தாள். படங்களைச் சுருக்கினாள், சுழல்வதை நிறுத்தினாள். 19 என்பது 71 ஆனது. ஒரு வாரத்தில் முகப்புப் பக்கம் கூகுளில் வந்துவிட்டது.

இப்போது "அம்பாசமுத்திரம் சொப்பு" என்று தேடினால் எங்கள் தளம் முதல் பக்கத்தில் வருகிறது. வெறுமனே "மர பொம்மை" என்றால் எங்கேயும் காணோம், அங்கே பெரிய பெரிய ஆன்லைன் கடைகள் உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு அது போதும்.

டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், அந்த விஷயம் தனி. பெயரைப் பதிவு செய்தது அவர்கள் ஈமெயிலில், அவர்கள் கணக்கில். வேறு இடத்துக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும், அதைக் கேட்டால் "செட்டில்மெண்ட் 8,000" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது, ஆனால் சுயதொழில் செய்து அதில் பிழைப்பு நடத்துகிறவருக்கு 2019 சட்டத்தில் விலக்கு உண்டு. கடைசல் பட்டறைக்காரன் அதற்குள் வருவேன் என்று தைரியம் வந்தது. எழுதித் தந்த தாளின் நகலை வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன். பத்தாம் நாள் ஈமெயிலில் குறியீடு வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. பணம் வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. புகார் கொடுப்பதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இப்படி ஒருவரிடம் கொடுத்திருந்தால் அடுத்த தவணை கட்டுமுன் அந்த 'சைட்' தேடலை உங்கள் போனில் நீங்களே போட்டுப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். முழுப் பூட்டுச்சாவியையும் முதல் நாளே கேட்கிறவர்களிடமும், உங்களுக்குச் சாவியே தராதவர்களிடமும் கொஞ்சம் நிதானம்.

தங்கச்சி மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போன பிறகுதான் கவனித்தேன். லேப்டாப்பில் பார்த்தால் இல்லை, செல்போனில் மட்டும் பக்கத்தின் அடியில் ஒரு எண் பூஜ்யத்திலிருந்து விறுவிறுவென்று ஓடி '5000+ மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்' என்று நிற்கிறது. கம்ப்யூட்டரில் மறைத்து செல்போனில் மட்டும் காட்டுகிற மாதிரி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. இனி அவள் பொங்கலுக்கு வந்தால்தான் உண்டு.