வெளிநாட்டு மருந்துக்கடையிலிருந்து மதுரைக்கு மருந்து வரவழைத்தல்: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

முதலில் முடிவைச் சொல்லிவிடுவோம். மருந்து வந்து சேரும். பணம் கட்டும் முன் அரசின் இறக்குமதி அனுமதி வாங்கியிருந்தால் சேரும். ஆர்டர் போட்டுவிட்டு அனுமதிக்கு ஓடினால், பார்சல் சென்னைச் சுங்கத்தில் கிடக்கும். கிடங்கு வாடகை நம் தலையில் ஏறும்.

அதற்கும் முன்னால், மருந்தின் மூலப்பெயரை, அதாவது பிராண்டு பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை வைத்து இங்கேயே ஒருமுறை தேடிவிடுங்கள். பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவில் அசெட்டமினோபென் என்று பெயர். சால்பூட்டமால் அங்கே அல்பூட்டரால். கிளிபென்கிளமைடு அங்கே கிளைபுரைடு. வெளிநாட்டு மருத்துவர் எழுதிய பெயரைக் கீழவாசல் கடைக்காரர் கேள்விப்பட்டிருக்க மாட்டார், ஆனால் அதே சரக்கு அவர் அலமாரியிலேயே இருக்கும். அமெரிக்க டப்பாவை வரவழைத்துத் திருப்பிப் பார்த்தால் ‘இந்தியாவில் தயாரானது’ என்று அச்சிட்டிருப்பதும் உண்டு.

பிராண்டு பெயரை நம்பி ஆர்டர் போடவே கூடாது. அமெரிக்காவில் ஃப்ளோமேக்ஸ் என்பது புரோஸ்டேட் தொந்தரவுக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் விற்றது வீக்கத்துக்கான மருந்து. இப்படிப்பட்ட பெயர்க் குழப்பம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2006இல் எச்சரித்திருக்கிறது.

இனி அனுமதி. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 36ஆம் விதிதான் இதற்கு அடிப்படை. தபாலிலோ கூரியரிலோ சொந்த உபயோகத்துக்கு மருந்து வரவழைக்க, படிவம் 12ஏ-யில் விண்ணப்பித்துப் படிவம் 12பி-யில் அனுமதி பெற வேண்டும். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் ‘சுகம்’ இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு கட்டாயம். சீட்டில் நோயாளியின் பெயர், வயது, நோய், மருந்தின் மூலப்பெயர், வீரியம், ஒரு நாளைக்கு எத்தனை, மொத்தம் எத்தனை, மருத்துவரின் பதிவு எண் எல்லாம் இருக்கட்டும். ‘தொடர்ந்து சாப்பிடவும்’ என்று மட்டும் எழுதிய சீட்டு இதற்கு உதவாது.

மொத்தம் எத்தனை என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நாளுக்கு இரண்டு வீதம் 90 நாளுக்கு 180 மாத்திரை என்று கணக்குப் போட்டு, 180க்கே அனுமதி வாங்கிவிடுவார்கள். அந்த மருந்தோ 100 மாத்திரை டப்பாவாகத்தான் விற்கும். இரண்டு டப்பா வாங்கினால் 20 அதிகம். அந்த இருபதுக்காக மொத்தப் பார்சலும் நின்றுபோகும். ஐரோப்பிய டப்பாக்கள் 28, 30, 56, 98, 100 என்று பலவிதமாக வரும். எந்த அளவு டப்பா என்று கடையில் கேட்டுக்கொண்டு, அந்த மடங்கிலேயே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

அடுத்த சறுக்கல் பெயர். பணம் கட்டுவது மகனின் கார்டு, மருந்து அம்மாவுக்கு. பில்லில் மகன் பெயர் விழுந்துவிடும். அனுமதி, பில், பார்சல் முகவரி, கூரியர் நிறுவனம் கேட்கும் ஆதார் நகல் ஆகிய நான்கிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா என்பதற்கே ஒரு வாரம் போன பார்சல்கள் உண்டு. அனுமதி நகலை முன்கூட்டியே கடைக்கு அனுப்பி, பெட்டியின் வெளிப்பையில் பில்லோடு வைக்கச் சொல்லுங்கள்.

‘சிங்கப்பூரிலிருந்து மாமா வருகிறார், கையில் கொடுத்துவிடலாமே’ என்பது இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை. பயணியின் பெட்டியில் ஒரு மருந்து 100 வேளை அளவு வரை வரலாம் என்று விதி சொல்வது நிஜம்தான். ஆனால் அது அந்தப் பயணியின் சொந்த உபயோகத்துக்கு மட்டும்; மாமா சாப்பிடும் மருந்துக்குத்தான் அந்தச் சலுகை. அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்துகளை எந்த வழியிலும் முயலாதீர்கள். அது வேறு சட்டம், வேறு சிக்கல்.

கடையைத் தேர்ந்தெடுக்க முதல் சோதனை இது: மருந்துச் சீட்டு கேட்காத கடையின் இணையப் பக்கத்தை அந்த நிமிடமே மூடிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியக் கடையானால் பச்சைக் கோடுகளும் வெள்ளைச் சிலுவைக் குறியும் நாட்டுக் கொடியும் உள்ள முத்திரை இருக்கும். அதை அழுத்தினால் அந்நாட்டு அரசுப் பட்டியலுக்குப் போக வேண்டும். வெறும் படமாக நின்றால் போலி. உண்மையான கடைகளிலும் பல இந்தியாவுக்கு அனுப்பாது என்பதால், முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கில் மருந்து விலையும் கூரியரும் மட்டும் இல்லை. சுங்கவரி, ஜிஎஸ்டி, வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். பல கார்டுகளில் இந்தக் கட்டணம் சுமார் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். தேசிய அரிய நோய்க் கொள்கை 2021இன் பட்டியலில் உள்ள நோய் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்கவரி இல்லை. அதற்கு மாநில சுகாதார சேவைகள் இயக்குநர் அல்லது மாவட்ட மருத்துவ அதிகாரி நிலையில் உள்ளவரின் சான்றிதழ் வேண்டும்.

வெயிலுக்கு வருவோம். ஐரோப்பிய டப்பாவில் ‘25 டிகிரிக்கு மேல் வைக்காதீர்’ என்று போட்டிருக்கும். சித்திரையில் மதுரை கூரியர் கிடங்கின் தகரக் கூரைக்கு அது தெரியாது. மாத்திரைகள் ஓரளவு தாங்கும். ஜெலட்டின் கேப்ஸ்யூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய ஊசி மருந்தை ஏப்ரல், மே மாதங்களில் வரவழைக்காமல் இருப்பதே நல்லது. ஜெல் பைகளின் குளிர் இரண்டு மூன்று நாள்தான். சுங்கத்தில் சனி, ஞாயிறு சேர்ந்தால் கதை முடிந்தது. உறைந்த ஜெல் பை நேரடியாகக் குப்பியைத் தொட்டாலும் மருந்து கெடும். வெப்பநிலை பதியும் கருவியை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பணம் திரும்பக் கேட்க அதுதான் சாட்சி. மேலூர், உசிலம்பட்டிப் பக்கக் கிராம முகவரி என்றால் மதுரைக் கிளையிலேயே நிறுத்திவைக்கச் சொல்லி நேரில் வாங்குவது மேல். எல்லாத் தாமதத்தையும் கூட்டி, கையிருப்பு 60 நாளுக்கு இருக்கும்போதே அடுத்த சுற்றை ஆரம்பிக்க வேண்டும்.

பெட்டி வந்ததும் வீரியத்தைப் பாருங்கள். ஜெர்மன் டப்பாவில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி: 0,5 மி.கி. என்றால் அரை மில்லிகிராம். அதை ஐந்து என்று படித்தால் பத்து மடங்கு. இன்சுலின் இன்னும் ஆபத்து. நம் ஊர்க் குப்பிகள் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், ஊசிக்குச் சிவப்பு மூடி. வெளிநாட்டுக் குப்பி 100 யூனிட், அதற்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி ஊசியில் அந்த மருந்தை ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

உள்ளே ஈரமுறிஞ்சி உள்ள பாட்டில் மாத்திரைகளை, கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டிக்கு மாற்றாதீர்கள். டப்பாவையும் எறியாதீர்கள். அதில் உள்ள தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) எழுதி வைத்துக்கொண்டு, அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தளத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். அந்தத் தொகுதியைத் திரும்பப் பெற்றால் நம் ஊர் மருந்துக்கடைக்குத் தகவல் வராது.