வீலேன்களுக்கு ஐபி கொடுக்க மூன்று வழி: எது எங்கே சொதப்பும்?

கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்து உட்கார்ந்தால், ஐபி முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வரவில்லை என்று பொருள். ஒரே நெட்வொர்க் என்றால் கோளாறைச் சீக்கிரம் பிடித்துவிடலாம். ஊழியர், ஐபி போன், கேமரா, விருந்தினர் வைஃபை என்று வீலேன் (ஒரே சுவிட்சுகளில் தனித்தனியாக ஓடும் நெட்வொர்க்) பிரித்த பிறகுதான் தலைவலி. ஐபி கேட்டுக் கணினி போடும் டிஸ்கவர் என்ற செய்தி ஒரு பிராட்காஸ்ட், அதாவது எல்லாருக்கும் சேர்த்துப் போடும் கூப்பாடு, அது தன் வீலேனைத் தாண்டாது. சர்வர் வேறு வீலேனில் இருந்தால் அந்தக் கூப்பாடு அதன் காதில் விழாது.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு: சர்வருக்கே ஒவ்வொரு வீலேனிலும் ஒரு கால் வைப்பது, வீலேனிலிருந்து வெளியே போகும் வாசலான கேட்வேயையே ஐபி கொடுக்கவிடுவது, கூப்பாட்டைச் சர்வரிடம் கடத்திவிடும் ரிலே போடுவது. விலையைப் பார்க்காமல், கெட்டுப்போனால் எங்கே தேட வேண்டும் என்று பார்க்கிறேன்.

முதல் வழியில் சர்வருக்கு டிரங்க் (பல வீலேன்களை ஒரே ஒயரில் கொண்டுபோகும் இணைப்பு) இழுத்து, ஒவ்வொரு வீலேனுக்கும் ஒரு துணை இன்டர்ஃபேஸ் வைக்கிறோம். வீட்டு லேபுக்குச் சரி. அலுவலகத்தில் எனக்குப் பிடிக்காது. விருந்தினர் வீலேனில் கால் வைத்த சர்வரில் யாராவது ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு நெட்வொர்க்கின் பாக்கெட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் வசதி) திறந்துவிட்டால், ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பின்வாசல் ரெடி. கோளாறு பெரும்பாலும் டிரங்கில்தான்: புது வீலேனை அனுமதிப் பட்டியலில் சேர்க்க மறந்திருப்பார்கள். சர்வர் விஎம்வேரில் மெய்நிகர் கணினியாக ஓடினால், சாதாரண விசுவிட்சின் (விஎம்வேருக்குள் இருக்கும் மென்பொருள் சுவிட்ச்) போர்ட் குரூப்பில் வீலேன் எண் 4095 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த வீலேன் என்று சொல்லும் டேக் உள்ளே வராது.

இரண்டாவது, கேட்வேயாக இருக்கும் லேயர் 3 சுவிட்சோ (வீலேன்களுக்கு இடையே பாக்கெட் கடத்தும் சுவிட்ச்) ரவுட்டரோ தானே ஐபி கொடுப்பது. உடைய இடம் குறைவு. கேமராவுக்குக் கையால் கொடுத்த முகவரியை, தானாகக் கொடுக்க ஒதுக்கிய பூலில் இருந்து விலக்க மறப்பதுதான் வழக்கமான தவறு. ஆனால் பத்துக் கிளை இருந்தால் லீஸ் பட்டியல் (எந்த ஐபி யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற கணக்கு) பத்து இடத்தில் கிடக்கும். போன செவ்வாய்க்கிழமை இந்த ஐபி யாரிடம் இருந்தது என்று கேட்டால் பெட்டி பெட்டியாக ஏற வேண்டும். பெட்டி ரீபூட் ஆனால் அந்தப் பட்டியலே மறைந்துவிடும் மாடல்களும் உண்டு.

மூன்றாவது ரிலே. சிஸ்கோ கருவிகளில் இதற்கான கட்டளை ஐபி ஹெல்பர்-அட்ரஸ். பிராட்காஸ்டைப் பிடித்து, தன் முகவரியைப் பாக்கெட்டில் ஜிஐஅட்ரஸ் என்ற இடத்தில் எழுதி, சர்வருக்கு நேராக அனுப்புகிறது. சர்வர் அதைப் பார்த்துத்தான் எந்த ஸ்கோப்பிலிருந்து (ஒரு வீலேனுக்கு ஒதுக்கிய முகவரி வரிசை) கொடுப்பது என்று முடிவு செய்யும், பதிலையும் அந்த முகவரிக்கே அனுப்பும். பாகங்கள் அதிகம். ஆனாலும் கோளாறை இதில்தான் சுலபமாகப் பிடிக்கலாம்.

சர்வரில் டிஎச்சிபி கேட்கும் 67ஆம் போர்ட்டை, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்துப் பாருங்கள். டிஸ்கவரே வரவில்லையா? ஹெல்பரைக் கிளையண்ட் (ஐபி கேட்கும் கணினி) வீலேனில் போடாமல் சர்வர் வீலேனில் போட்டிருப்பார்கள். வந்தும் சர்வரின் பதிலான ஆஃபர் போகவில்லையா? அந்த ஜிஐஅட்ரஸுக்கு ஸ்கோப் இல்லை, அல்லது தீர்ந்துவிட்டது. ஆஃபர் போயும் கிளையண்டுக்குச் சேரவில்லையா? சர்வரிலிருந்து திரும்பும் ரூட், அப்புறம் ஃபயர்வால்.

ஒரு கள்ளக் கோளாறும் உண்டு. லீஸ் காலம் பாதி ஆனதும் கிளையண்ட் ரிலேயை விட்டுவிட்டுச் சர்வரிடம் நேராகப் புதுப்பிக்கக் கேட்கும். ஃபயர்வால் ரிலேயை மட்டும் அனுமதித்திருந்தால் அது விழும். 8 மணி நேர லீஸ் என்றால் 4ஆம் மணியில் தொடங்கும் தோல்வி 7ஆம் மணி வரை ஓடும். அப்போது கிளையண்ட் மறுபடி பிராட்காஸ்ட் போடும், ரிலே எடுத்துப் போகும், எல்லாம் சரியாகிவிடும். யாருமே புகார் சொல்லாததால் மாதக்கணக்கில் தெரியாது. டிஎச்சிபி ஸ்னூப்பிங் (போலி டிஎச்சிபி சர்வரைத் தடுக்கும் காவல்) போட்ட சுவிட்ச், எந்த போர்ட்டிலிருந்து வந்தது என்று சொல்லும் ஆப்ஷன் 82ஐச் சேர்த்து அனுப்ப, மேலே இருக்கும் சிஸ்கோ ரிலே அந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் தள்ளிவிடுவதும் இதே ரகம். அங்கே, அந்த ரிலேயில், அந்த இன்டர்ஃபேஸை டிரஸ்டட் (நம்பத்தக்கது) என்று சொல்லிவிட வேண்டும்.

ஒரே இடம், இரண்டு மூன்று வீலேன் என்றால் கேட்வேயே போதும். அதற்கு மேல் ரிலேதான்.

எந்த வழியானாலும் முதலில் அந்த வீலேனில் ஒரு கணினிக்குக் கையால் ஐபி போட்டுக் கேட்வேக்கு பிங் அடித்துப் பாருங்கள். போகவில்லை என்றால் டிஎச்சிபியைத் திட்டாதீர்கள், போர்ட்டோ டிரங்கோ தவறான வீலேனில் இருக்கிறது. பிங் போகிறது, ஆனால் ஒயரைச் செருகியதும் அரை நிமிடம் கழித்துத்தான் போகிறது என்றால், அந்த போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் (சுவிட்ச் போர்ட்டைக் காத்திருக்க வைக்காமல் உடனே திறக்கும் அமைப்பு) போடவில்லை.